லிஃப்ட் தானாக இறங்கியது

செப்டம்பர் 21

கட்டு மாற்றிய நேரம், காய்ச்சல், மாத்திரை. இந்த மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து அடுத்த தடவை கொண்டுவரச் சொன்னார் நர்ஸம்மா. எங்கள் வீட்டில் நோட்டுக்கு எங்கே போவது? உரக்கடையில் கொடுத்த டைரிதான் அரிசி மூட்டை மேல் கிடந்தது. முன்பக்கத்திலிருந்து நர்ஸம்மாவுக்கு எழுதுகிறேன். பின்பக்கத்திலிருந்து எனக்கு. என் வீட்டுக்காரர் எடுத்துப் படித்துவிடுவாரோ என்ற பயம் இல்லை. மருந்து டப்பாவில் இருப்பதைத் தவிர இவர் எதையும் படித்து நான் பார்த்ததில்லை.

நடந்ததை ஒரு தடவை எழுதிவிடுகிறேன். ஆகஸ்ட் 28, நாற்றங்கால் உழவு. டிராக்டருக்குப் பின்னால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டர் கத்தியில் யாரோ வரப்பில் விட்டுப்போன நைலான் வலை சுற்றிக்கொண்டது. இவர் ரொட்டவேட்டரைத் தாங்கும் லிஃப்டைத் தூக்கி நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பின்னால் போய் உட்கார்ந்து வலையை அறுத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் தானாக இறங்கியது. நான் வரப்பில் நின்றேன். என் வீட்டுக்காரர் குணசீலனுக்கு இப்போது வலது பாதத்தில் முன்பாதி கிடையாது.

ஆனி மாதம் லிஃப்டுக்கு ஆயில் மாற்றியது மெக்கானிக் கலியமூர்த்தி. அவர் ஊற்றிய ஆயில் கெட்டது, அதனால்தான் லிஃப்ட் விழுந்தது என்று இவர் சொல்கிறார். இவர் சொன்னதை ஊரும் சொல்கிறது.

நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பக்கத்து வயல்காரர்கள் கூடி விதையைத் தெளித்துக் கொடுத்தார்கள். நாற்றுக்கு இன்று இருபத்தொரு நாள். முப்பத்தைந்துக்கு மேல் போனால் முற்றிவிடும், நட்டும் பிரயோசனமில்லை. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை 28-ஆம் தேதி முதல் அக்டோபர் 3 வரை. அதற்குள் ஐந்து ஏக்கரையும் சேறாக்கியாக வேண்டும்.

சாயங்காலம் வண்டியின் ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில் கடைத்தெரு டீ மாதிரி வெளுத்து, நுரையோடு வந்தது. ஸ்டார்ட் செய்து லிஃப்டைத் தூக்கினால் பாதியில் முக்கி முனகி நின்றுவிடுகிறது. இப்படியே சேற்றில் இறக்கினால் பம்ப் போய்விடும் என்று எனக்கே தெரிகிறது. ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

சன்னல் வழியாக இவர் பார்த்துவிட்டார்.

“அத ஏன் தொடுற?”

“ஆயில் வெளுத்திருக்குங்க. மாத்தணும்.”

“ஒரு சொட்டு எறங்கக் கூடாது. ஸ்டேசன்ல எழுதிக் குடுத்திருக்கேன். பூச கழிச்சு ஆறாந்தேதி ஏட்டு வந்து பாப்பாரு. அந்த ஆயிலுதான் சாட்சி.”

“தண்ணி மூணாந்தேதியோட நிக்கிதே.”

இவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பர் 22

கட்டு மாற்றினேன். காலில் இல்லாத விரல் அரிக்கிறது என்கிறார். எங்கே சொறிவது?

செப்டம்பர் 23

வாடகை வண்டி தேடி மூன்று ஊர் சுற்றினேன். ஒரே முறைத் தண்ணீர், எல்லோருக்கும் ஒரே ஐந்தாறு நாள். எவன் வண்டியை விடுவான்? கடைசியாக ஒருவன் வந்து எங்கள் வயலை வரப்பிலிருந்தே பார்த்தான். “யக்கா, இது உளை வயலு. இதுல எறக்குனா என் வண்டிய எடுக்க இன்னொரு வண்டி வேணும்” என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான், அதுதான் எரிச்சல். அந்த வயலில் எந்த மூலை ஆழம், எந்த மூலை திடம் என்று எங்கள் வண்டிக்குத்தான் தெரியும். வண்டிக்கு இருபத்தாறு வயது. எங்கள் கல்யாணத்துக்கு இருபது.

போன வருடம் சம்பா மழையில் போனது. இந்த வருடமும் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இவரைத் தூக்கிக்கொண்டு திருப்பூர்ப் பக்கம் போக வேண்டியதுதான். பாதிக் காலோடு இவருக்கு அங்கே என்ன வேலை கொடுப்பார்கள்? வீட்டில் யாரும் இதைப் பேசுவதில்லை.

செப்டம்பர் 24

வெட்கத்தை விட்டுக் கலியமூர்த்தி அண்ணன் பட்டறைக்குப் போனேன். இந்த நாளில் நாலு வண்டி பிரித்துப் போட்டிருக்கும் இடம். இன்று ஒரு பழைய மோட்டார் மட்டும் கிடந்தது. அவர் சம்சாரம் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“அண்ணே, ஆயில் மாத்தணும்.”

“எந்த ஆயில? நான் ஊத்துன கெட்ட ஆயிலயா?”

நான் காலடியில் கிடந்த நட்டு ஒன்றை எடுத்து மேடையில் வைத்தேன்.

“நான் வந்து வடிச்சேன்னு வையி, தடயத்த அழிக்க வந்தான்னு உன் வூட்டுக்காரரே சொல்லுவாரு. வடிக்காம நான் எப்பிடி ஊத்துறது? நீயே சொல்லு தங்கச்சி. முப்பது வருசமா இந்தக் கையி ஆயிலு மாத்துது. ஒரு லிஃப்டு தானா விழுந்ததில்ல.”

“நான் வரப்புல நின்னேண்ணே. எனக்குத் தெரியாது.”

“நான் ஒன்னக் கேக்கவே இல்லயே” என்றார்.

வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் கூடவே வந்தது.

செப்டம்பர் 25

கயல் மூன்று தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. திருச்சியில் சிநேகிதிகளோடு அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுப் படிக்கிற பிள்ளை, அப்பாவைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டிருப்பாள். போன் மணிச் சத்தத்தை நிறுத்தியே ஒரு மாதம் ஆகப்போகிறது.

வண்டியைத் துடைத்தேன். லிஃப்ட் லீவர் சந்தில் ஏதோ குப்பை மாட்டியிருந்தது. எடுத்து அடுப்பில் போட்டேன்.

செப்டம்பர் 26

நானே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். வடித்த ஆயிலைக் கொட்டினால்தானே தப்பு? கேனில் பிடித்து மூடி வைத்தால் ஏட்டு வந்து முகர்ந்தே பார்த்துக்கொள்ளட்டும். இவர் மத்தியான மாத்திரை போட்டுத் தூங்கினதும் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன்.

டிராக்டரோடு கொடுத்த புத்தகத்தில் வரிசையாகப் போட்டிருக்கிறது. முதலில் லிஃப்டைத் தரைவரைக்கும் இறக்க வேண்டும், தூக்கின நிலையில் வடிக்கவே கூடாது. பிறகு மேல் மூடியைத் திறக்க வேண்டும். பிறகு அடியில் மூன்று டிரெயின் நட்டு. மூன்றையும் கழற்றினால்தான் முழுக்க வடியும். படிக்க எவ்வளவு சுலபம்!

முதல் நட்டே அசையவில்லை. ஸ்பானரில் கடப்பாரையைச் செருகித் தள்ளினேன். அது நழுவி என் முட்டியில் இறங்கியது. சேலையும் இடைஞ்சல், நான் இப்போது நைட்டிக்கு மேல் இவர் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வண்டிப் பக்கம் போகிறேன். மண்ணில் படுத்தபடியே கொஞ்ச நேரம் அழுதேன். தலைமாட்டில் ஒரு முழத்தில் ரொட்டவேட்டர் கத்தி. அவர் அன்று இவ்வளவு கிட்டத்தில்தான் அதைப் பார்த்திருப்பார். வெளியே தவழ்ந்து வந்து சாக்கைச் சுருட்டினேன்.

இவருக்குக் காய்ச்சல் இல்லை, கட்டுக்குள் நீர் கோத்திருக்கிறது. (இதை முன்பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும்.)

செப்டம்பர் 27

நடவு ஆட்களைக் கூட்டிவரும் செந்தாமரை அக்கா வந்தது. வாசலில் நின்றே பேசியது.

“அஞ்சாந்தேதி ஒனக்குன்னு வெச்சிருக்கேன் தேனு. சேறு ரெடியா இல்லன்னா இன்னிக்கே சொல்லிப்புடு. அடுத்து தீவாளி கழிச்சுத்தான்.”

“ரெடியா இருக்கும்க்கா.”

“எதுல ஒழுவுவ?”

“எங்க வண்டியிலதான்.”

அக்கா வண்டியைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டது. எனக்குப் பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று நாற்பது வயதுவரை தெரியாமல் போய்விட்டது.

செப்டம்பர் 28

தண்ணீர் வந்துவிட்டது. காலையில் வாய்க்கால் முழுக்கக் குப்பையும் நுரையுமாக உருண்டு வந்தது. மடையைத் திறந்துவிட்டேன். மற்ற வருடம் என்றால் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக நிற்பார். இன்று கட்டிலில் இருந்தபடி, “எவ்வளவு ஒசரம் வருது?” என்று கேட்டார். கணுக்கால் என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்.

நாற்றுக்கு இருபத்தெட்டு நாள். தளதளவென்று நிற்கிறது, பார்க்கவே பயமாக இருக்கிறது.

மடையில் உட்கார்ந்து போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஆடிப் பதினெட்டுக்கு எடுத்தது ஒன்று வந்தது. எங்கள் ஊரில் அன்று மாட்டைக் குளிப்பாட்டுவது போல டிராக்டரையும் ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போடுவார்கள். படத்தில் இவர் வண்டி மேல் நின்று சிரிக்கிறார். பின் அச்சு முழுகி, கியர் கம்பி வரைக்கும் தண்ணீர். கியர் கம்பிக்கு அடியில் உள்ள ரப்பர் கிழிந்து இரண்டு வருடம் ஆகிறது. எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும்.

ஆயில் வெளுத்தது கலியமூர்த்தி அண்ணனால் இல்லை. ஆற்றில் வெளுத்திருக்கிறது.

செப்டம்பர் 29

படத்தை எடுத்துக்கொண்டு மறுபடி பட்டறைக்குப் போனேன். அண்ணன் கண்ணாடி போட்டு, பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

“தண்ணி ஏறுனது இதுலதான். ஆனா தங்கச்சி, ஆயில் வெளுத்தா லிஃப்டு தூக்காது. தூக்குனாலும் கொஞ்சங் கொஞ்சமாத் தாழும். தொப்புன்னு விழாது.”

“அப்படியாண்ணே.”

“நாளைக்கி வரேன். உன் வூட்டுக்காரரு முன்னாடி அந்தப் பழய ஆயிலோடயே தூக்கிக் காட்டுறேன். ஊர்ல ரெண்டு பேரு நிக்கட்டும். அதுக்கப்புறம் வடிக்கச் சொன்னா வடிக்கிறேன்.”

சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? நாளைக்கு அவர் வரக் கூடாது என்று ஒரு மனது வேண்டிக்கொள்கிறது. வரவில்லை என்றால் சேறும் இல்லை, நடவும் இல்லை. இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியிடம் வைப்பது?

செப்டம்பர் 30

இவரை நாற்காலியோடு தூக்கிக் கொட்டகை வாசலில் உட்கார வைத்தோம். டீக்கடை மாரிமுத்துவும் பக்கத்து வயல் தங்கராசு மாமாவும் சாட்சிக்கு நின்றார்கள். அண்ணன் இவரைப் பார்க்கவில்லை, இவரும் அவரைப் பார்க்கவில்லை. இருபது வருடம் ஒரே டம்ளரில் டீ குடித்தவர்கள்.

ஸ்டார்ட் செய்து, இஞ்சினை நன்றாக முறுக்கி, லிஃப்டைத் தூக்கினார். முனகிக்கொண்டே மேலே ஏறியது. இஞ்சினை அணைத்தார். ரொட்டவேட்டரின் அடி விளிம்புக்கு நேராகத் தூணில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். எல்லோரும் டீ குடித்தோம். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே வந்திருந்தது.

“பாத்துக்கங்க. கெட்டுப்போன ஆயிலோடயே அரமணிக்கி ரெண்டு வெரக்கட. இது அன்னிக்கித் தொப்புன்னு எப்பிடி விழும்?”

“விழுந்துச்சே! என் காலு எங்கய்யா அப்ப?” என்று கத்தினார் இவர்.

“விழணும்னா ஒரே வழிதான். இந்த லீவரக் கீழ தள்ளணும்.” அண்ணன் ஒரு விரலால் லீவரைத் தொட்டார். ரொட்டவேட்டர் மொத்தமாகத் தரையில் உட்கார்ந்தது. கொட்டகையே அதிர்ந்தது. இவர் நாற்காலியில் காலை இழுத்துக்கொண்டார். இல்லாத பாதியையும் சேர்த்து.

“யாரு தள்ளுனா? அங்க யாரு இருந்தா? இவ ஒருத்திதான், இவளும் வரப்புல நின்னா!” என்று என்னைக் கை காட்டினார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீ டம்ளர்களைப் பொறுக்கினேன்.

“வண்டியில ஏதோ திருகி வெச்சிட்டுப் பேச வந்துட்டான். வெளிய போவச் சொல்லு. ஆயிலத் தொட்டா நான் மனுசனா இருக்க மாட்டேன்.”

அண்ணன் சாமான்களைச் சாக்கில் கட்டினார். வாசலில் என்னிடம் சொன்னது இதுதான்: “நாளைக்கி ஆயுத பூச. சாமானக் கழுவிப் படையல்ல வெச்சிட்டா நாளன்னிக்கிதான் தொடுவேன். நாளன்னிக்கி விட்டா ஒங்களுக்கு ஒரே நாளு. நீ வரப்புல எங்க நின்ன தங்கச்சி?”

“மேக்கால” என்றேன்.

“மேக்கால வரப்பே இல்லயே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அக்டோபர் 1

எழுதிவிடுகிறேன். இன்று எழுதாவிட்டால் நான் எழுதவே மாட்டேன்.

நான் வரப்பில் நிற்கவில்லை. சோறு கொண்டு போய் வண்டி அருகில் நின்றேன். சீட்டுக்குப் பக்கத்து டப்பாவில் இவர் போன் அடித்தது. “கயலாத்தான் இருக்கும், எடு” என்றார் இவர் கீழேயிருந்து. வண்டியில் ஏறி எடுத்தேன். சாம்பாருக்கு எத்தனை தக்காளி போட வேண்டும் என்று கேட்டாள். மூன்று என்றேன். பேசிக்கொண்டே இறங்கினேன். பச்சைச் சேலை, முந்தானையைச் செருகவில்லை. அது லீவரில் மாட்டியிருந்திருக்கிறது. ஏதோ இழுக்கிறதே என்று வெடுக்கென்று பிடித்து இழுத்தேன்.

அவர் கத்தின சத்தம் கயலுக்கும் கேட்டிருக்கும். அவளுக்கு அது என்னவென்று இன்றுவரை நான் சொல்லவில்லை.

அடுப்பில் போட்டேன் என்று எழுதிய குப்பை பச்சை நூல்.

ஆம்புலன்சில் வைத்து “லிஃப்டு எப்பிடி எறங்குச்சு?” என்று கேட்டார். “தானா எறங்கிடுச்சுங்க. நான் அப்ப போனோட வரப்புல நின்னேன்” என்றேன். மனிதன் உயிருக்குக் கிடக்கும்போது சமாதானமாக ஒரு வார்த்தை, அவ்வளவுதான் நினைத்தேன். அந்த ஒரு வார்த்தை ஊருக்குப் போய்விட்டது. அது கலியமூர்த்தி அண்ணன் பட்டறைக்குள் போய் அவர் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டது.

இன்று காலையில் வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். இவரை நாற்காலியில் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். பொரி, கடலை, பழம். வெளியே வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியாக லீவருக்குப் பொட்டு வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பாமலே சொன்னேன்.

“லீவர எறக்குனது நான்தாங்க.”

“என்னா?”

“போன எடுக்க ஏறுனப்ப முந்தானி மாட்டிருந்திருக்கு. தெரியாம இழுத்துட்டேன்.”

கற்பூரம் எரிந்து முடிந்தது.

“போன்ல என்னா கேட்டா அவ?”

“சாம்பாருக்கு எத்தன தக்காளின்னு.”

மடியில் இருந்த பொரியில் இரண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

“முப்பத்துநாலு நாளா எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டுக் கட்டு கட்டியிருக்க.”

“ஆமாங்க.”

“ஏன் இப்ப சொல்ற?”

“நாளன்னிக்கித் தண்ணி நின்னுடும்.”

“தண்ணி நிக்காதுன்னா?”

இந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். “மனசு கேக்கல, சாமி முன்னால சொல்லத் தோணுச்சு” என்று எதையாவது. இந்த முப்பத்துநாலு நாளில் சொல்லாத பொய்யா? ஆனால் வாயில் வரவில்லை.

“சொல்லியிருக்க மாட்டேன்” என்றேன்.

“உள்ள கொண்டு போயி விடு” என்றார்.

அக்டோபர் 2

காலையில் டீக்கடைக்குப் போனேன். பெண்கள் போகிற இடமில்லை, எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். கலியமூர்த்தி அண்ணன் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். லீவரை இழுத்தது நான், ஆயிலில் தண்ணீர் ஏறினது ஆடிப் பதினெட்டில், அண்ணன் மேல் ஒரு குற்றமும் இல்லை. நின்று முடித்தேன்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார்.

“எம் பொண்டாட்டி ஒரு மாசமாக் கொழாயடிக்கிப் போவல, தங்கச்சி.”

“தெரியும்ண்ணே.”

“தெரிஞ்சுமா?”

அவர் எழுந்து பட்டறைப் பக்கம் நடந்தார். வரமாட்டார் என்று நினைத்தேன். அரைமணியில் சாமான் சாக்கோடு வந்து இறங்கினார். ஸ்பானரில் பொட்டு இன்னும் ஈரமாக இருந்தது. “உனக்காக வரல. இந்த வண்டி எங் கையில வளந்த வண்டி” என்றார்.

இவர் சன்னலில் இருந்தார். தடுக்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

லிஃப்டை முழுக்க இறக்கினார். அடியில் பேசின் வைத்தேன். எனக்கு அசையாத நட்டு அவருக்கு ஒரே தட்டில் அசைந்தது. முதலில் ஆயில் வரவில்லை, தண்ணீர் வந்தது. ஒரு சொம்பு இருக்கும். வண்டிக்குள் ஆடி மாதத்திலிருந்து கிடந்த ஆற்றுத் தண்ணீர். அதற்குப் பின்னால் வெள்ளையாகக் கொழகொழவென்று ஆயில் இறங்கியது. மூன்று நட்டையும் கழற்றிவிட்டு, சொட்டு நிற்கிறவரை காத்திருந்தோம். இரண்டு மணி நேரம்.

“துணி வேணும். நூலு பிரியாத துணி” என்றார் கடைசியில்.

பெட்டிக்கு அடியிலிருந்து பச்சைச் சேலையை எடுத்து வந்தேன். முந்தானை ஓரம் கிழிந்திருப்பதைப் பார்த்தார். வேறு துணி கேட்கவில்லை. அதை நாலாகக் கிழித்து, உள்ளே கிடந்த வண்டலை வழித்தெடுத்தார். ஆயில் வடிகட்டும் ஜல்லடையை டீசலில் கழுவினார். கியர் கம்பிக்குப் புது ரப்பர் போட்டார். நட்டுகளை இறுக்கிவிட்டு, “ஊத்து” என்றார்.

இருபத்தாறாம் தேதிக்கே வாங்கி வைத்திருந்த நாற்பது லிட்டர். புனல் வைத்து நான் ஊற்ற ஊற்ற அது தேன் மாதிரி இறங்கியது. ஸ்டார்ட் செய்து லிஃப்டைப் பத்துத் தடவை ஏற்றி இறக்கினார். மறுபடி கம்பியைப் பார்த்து இன்னும் ஒரு லிட்டர் ஊற்றச் சொன்னார். பிறகு தூக்கி நிறுத்தி அணைத்தார். தூணில் பழைய கோட்டுக்கு நேராக நின்றது. கை கழுவி வரும்வரை ஒரு நூல்கூடத் தாழவில்லை.

“எடுத்துட்டுப் போ. பொழுது இருக்கு.”

கூலியைக் கையால் விலக்கிவிட்டார். சாப்பிடச் சொன்னேன். அதையும் கேட்கவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

பொழுது சாய்கிறவரை ஓட்டினேன். ஒன்றரை ஏக்கர்.

அக்டோபர் 3

இன்றோடு தண்ணீர் நிற்கிறது. விடிந்ததும் வண்டியை எடுத்தேன். வைக்கோல் ஏற்றின காலத்தில் மேட்டில் ஓட்டியிருக்கிறேனே தவிர, உளையில் நேற்றுதான் முதல் தடவை. இரண்டு இடத்தில் சக்கரம் புதைந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் எந்தப் பக்கம் திடம் என்று கேட்கலாம். கேட்கவில்லை. முந்தாநாளிலிருந்து இவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டு மாற்றும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்.

பத்து மணி வாக்கில் தலை தூக்கிப் பார்த்தால் வரப்பில் நாற்காலி. தங்கராசு மாமா கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார். மடியில் ஊன்றுகட்டை. நான் மூலை திரும்பும்போதெல்லாம் கட்டையைத் தூக்கி இடது, வலது என்று காட்டினார். காட்டின பக்கமே திருப்பினேன். அதற்குப் பிறகு வண்டி புதையவில்லை.

மூன்றரை ஏக்கரில் மூன்று முடிந்திருக்கும். ரொட்டவேட்டர் தடதடவென்று உதறியது. கோரையும் பழைய வலையுமாகக் கத்தியில் சுற்றிக்கொண்டது. மறுபடியும் வலை. வண்டியை வரப்போரம் மேட்டில் ஏற்றி, லிஃப்டைத் தூக்கி, அணைத்தேன். முட்டுக் கொடுக்க வேண்டிய கட்டை கொட்டகையிலேயே கிடக்கிறது. தங்கராசு மாமா மடையடைக்கப் போய்விட்டார். வாய்க்காலில் தண்ணீர் கண்ணெதிரே வடிகிறது.

இவர் எழுந்து நின்றார். ஊன்றுகட்டையை ஊன்றி நொண்டி வந்து, பெரிய சக்கரத்தில் சாய்ந்து கையை நீட்டி லீவரைப் பிடித்தார்.

“எறங்கு. அறு. நான் புடிச்சுக்கிறேன்.”

மூன்று நாளில் முதல் பேச்சு.

அரிவாளோடு அடியில் போய் உட்கார்ந்தேன். என் காலுக்கு மேல் கத்தி. பயந்தேன். வேறு மாதிரி எழுத முடியவில்லை, அவர் கைக்குப் பயந்தேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டுப் போட்ட அவர் கால் தெரிந்தது. வெள்ளைத் துணியில் சேறு ஏறிக்கொண்டிருந்தது. நான் அறுத்தேன். கோரை விட்டது, வலை விடவில்லை. ரொம்ப நேரம் பிடித்தது.

வலையை உருவிக்கொண்டு வெளியே வந்தேன். அவர் இன்னும் லீவரைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். விரல் மூட்டெல்லாம் வெளுத்திருந்தது. முகம் முழுக்க வியர்வை. நான் நிமிர்ந்து தள்ளி நிற்கிறவரை கையை எடுக்கவில்லை.

“அரை ஏக்கர் கெடக்கு. ஓட்டு” என்றார்.

வண்டியில் ஏறக் காலைத் தூக்கினேன். இன்று அவசரத்தில் சேலையோடுதான் வந்திருக்கிறேன்.

“இந்தா” என்று கூப்பிட்டார். என் முகத்தைப் பார்க்காமல், வயலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“முந்தானியச் செருவிக்கிட்டு ஏறு.”